ரோத்தன்ஷா குளத்தில் யாரும் மூழ்கவில்லை

ரோத்தன்ஷா நகராட்சி நீச்சல் குளத்தில் இதுவரை ஒரு ஆள்கூட மூழ்கிச் செத்ததில்லை. வேறு ஊராக இருந்தால் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டிருப்பார்கள். ரோத்தன்ஷாவில் இது அதிகாரிகளின் தூக்கத்தைக் கெடுத்தது. இத்தனை காலம் ஒருவரும் சாகவில்லை என்றால், சாக வேண்டியவர்கள் எல்லாம் எங்கோ வரிசையில் காத்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? அந்த வரிசையைக் கலைக்கத்தான் கிராப்ட்ரீ அம்மையாரைப் பாதுகாப்பு ஆலோசகராக வேலைக்கு எடுத்தார்கள்.

அம்மையாருக்கு நீச்சல் தெரியாது. தெரிந்திருந்தால் நடுநிலை கெட்டுவிடும் என்று நேர்முகத் தேர்விலேயே சொன்னாராம். தேர்வுக் குழு ஒருவரை ஒருவர் பார்த்து, அடடா, இப்படி ஒரு ஆள் நமக்குக் கிடைத்தாரே என்று உருகிப் போனது.

அந்தக் குளத்துக்கு வாரம் இருமுறை தவறாமல் வந்தவர்கள் கிளிஃப் ஹாவர்த்தும் அவர் மனைவி பெரிலும். கிளிஃப் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். பெரில் பள்ளிக்கூடச் சமையலறையில் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் உருளைக்கிழங்கு மசித்துப் போட்டவள். பக்கவாதம் வந்து அவளுடைய இடது கையையும் இடது காலையும் எடுத்துக்கொண்டது. நாக்கைத் தொட மட்டும் பயந்து விட்டுவிட்டுப் போய்விட்டது.

வீட்டில் சக்கர நாற்காலிதான். ஆனால் குளத்தின் வெதுவெதுப்பான தண்ணீரில், மார்பளவு ஆழத்தில் இறக்கி விட்டால் பெரில் நிற்பாள். நிற்பது என்ன, நடப்பாள். கிளிஃப் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நடக்க, அவள் ஒவ்வொரு அடியாக எடுத்து வைப்பாள். மருத்துவமனையில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண் ஒளிவு மறைவில்லாமல் சொல்லியிருந்தாள்: "தண்ணியில நடக்கறதை மட்டும் விட்டுடாதீங்க. விட்டா கால் இறுகிடும். இறுகின கால் அப்புறம் திரும்பாது." வீட்டுக் குளியல் தொட்டியில் நடக்க முடியாது. பக்கத்து ஊர்க் குளத்தை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். ஆகவே பெரிலின் கால் ரோத்தன்ஷா குளத்தை நம்பித்தான் இருந்தது.

ஒரு நாள் தண்ணீருக்குள் கிளிஃப் தெரியாமல் அவள் இடது காலை மிதித்துவிட்டார்.

"யோவ்! அன்னைக்கு பிளாக்பூல் ஊர்ல டான்ஸ் ஆடும்போதும் மிதிச்ச, இன்னைக்கும் மிதிக்கிற!"

"வலிச்சுதா?"

"வலிக்காம? மாட்டுக் குளம்பு மாதிரி காலை வெச்சுக்கிட்டு!"

சொல்லிவிட்டு இரண்டு பேரும் தண்ணீருக்குள் அந்தக் காலைக் குனிந்து பார்த்தார்கள். அந்தக் காலில் வலி தெரிந்து எவ்வளவோ காலமாகியிருந்தது. கிளிஃபுக்குக் கண் கலங்கிவிட்டது. "இன்னொரு தடவை மிதிக்கட்டுமா?" என்று கேட்டு ஒரு குத்து வாங்கினார்.

அதே வாரம்தான் கிராப்ட்ரீ அம்மையார் குளத்தை முதல் முறையாகப் பார்வையிட வந்தார். ஒளிரும் மஞ்சள் சட்டை, தலைக்கவசம், இரும்பு முனை வைத்த பூட்ஸ். குளத்தங்கரையில் நின்று குனிந்து, தரையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"தரை ஈரமா இருக்கு," என்றார்.

"இது குளம் மேடம்," என்றார் மேனேஜர் பில்லிங்.

"நீங்க சொல்றது காரணம், மிஸ்டர் பில்லிங். கோர்ட்ல காரணம் எடுபடாது. பாதுகாப்புச் சட்டம் ரொம்பக் கடுமையா இருக்கு."

பில்லிங் வெலவெலத்துப் போனார். நல்ல மனுஷன்தான். ஆனால் 'சட்டம்' என்ற சொல்லைக் கேட்டால் நீட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார். அந்தச் சட்டத்தை அவர் படித்ததில்லை. அம்மையாரும் படித்ததில்லை. பயப்படுவதற்குப் படித்திருக்க வேண்டுமென்று எந்தக் கட்டாயமும் இல்லையே.

மறுநாளே குளத்தைச் சுற்றி 'ஈரத் தரை, ஜாக்கிரதை' என்று மஞ்சள் பலகைகள் முளைத்தன. நடக்க இடமில்லாத அளவுக்கு முளைத்தன. ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் ஒரு பலகையைச் சுற்றிப் போகப் பார்த்து இன்னொன்றில் இடறிக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டார். விசாரணைக் குழு உட்கார்ந்தது. பலகைகள் இருப்பதைப் பற்றிப் பொதுமக்களைப் போதுமான அளவு எச்சரிக்கவில்லை என்று கண்டுபிடித்தது. ஆகவே ஒவ்வொரு மஞ்சள் பலகைக்கும் முன்னால் 'பலகை, ஜாக்கிரதை' என்று ஒரு சிவப்புப் பலகை வைத்தார்கள். சந்தை நாளில் கடைத்தெரு வழியாக இரட்டை மாடி பஸ்ஸை ஒரு கீறல் இல்லாமல் ஓட்டிப் போன கிளிஃப், சக்கர நாற்காலியை அந்தப் பலகைகளுக்குள் நுழைத்து எடுக்க முடியாமல் திணறினார்.

"ஹாரன் அடிச்சுப் பாரேன்," என்றாள் பெரில்.

அடுத்து, பெரிலைத் தண்ணீருக்குள் இறக்கும் நாற்காலிக்குச் சங்கிலி போட்டுப் பூட்டினார்கள். அது ஒரு பொத்தானை அமுக்கினால் கீழே போகும், இன்னொன்றை அமுக்கினால் மேலே வரும். ஆனால் அதை இயக்கப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். பயிற்சி கொடுக்க, பயிற்சி கொடுப்பதில் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். அப்படி ஒருவர் இருந்தாராம். நாற்காலி ஆபத்தானது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டுப் போய்விட்டாராம்.

"அப்ப நானே தூக்கி இறக்கிக்கறேன்," என்றார் கிளிஃப்.

பில்லிங் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "மிஸ்டர் ஹாவர்த், சத்தமாப் பேசாதீங்க. உங்களுக்குத் தூக்கறதுல சான்றிதழ் இருக்கா?"

"என் பொண்டாட்டிங்க இவ. வீட்ல தினம் நான்தான் தூக்கறேன். படுக்கையில இருந்து, கழிப்பறைக்கு, எல்லாத்துக்கும்."

"ஐயையோ," என்றார் பில்லிங், கொலைக் குற்றத்தை ஒப்புக்கொண்டவரைப் பார்ப்பது போலப் பார்த்து. "இதை நான் கேக்கவே இல்லை."

அப்படித்தான் கிளிஃப் சுமை தூக்கும் பயிற்சி வகுப்புக்குப் போனார். பெரிலும் கூடப் போய் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். நூலக மாடியில் ஒரு இளைஞன் அட்டைப் பெட்டி ஒன்றை நடுவில் வைத்து, முழங்காலை மடக்குங்கள், முதுகை நேராக வையுங்கள், பெட்டியை மார்போடு சேர்த்து அணைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக்கொடுத்தான். கிளிஃப் கண்ணை மூடிக்கொண்டு பெட்டியை அணைத்தார்.

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து என்னை ஒரு தடவை இப்படிக் கட்டிப் பிடிச்சிருப்பியா?" என்றாள் பெரில். "பெட்டிக்கு வந்த யோகத்தைப் பாரு!"

சான்றிதழ் கிடைத்தது. கொண்டுபோய்க் காட்டினால், அது பெட்டிகளுக்கு மட்டும்தான் செல்லும், மனைவிகளுக்குச் செல்லாது என்றார் கிராப்ட்ரீ அம்மையார். அன்று இரவெல்லாம் யோசித்துப் பில்லிங் ஒரு வழி கண்டுபிடித்தார். அதிகாரிக்குள்ளும் ஈரம் இருக்கும் என்பதற்கு அவர் சாட்சி. பெரிலை 'உயிரற்ற சுமை, எழுபது கிலோ' என்று பதிவு செய்துவிடலாம்.

"எழுபதா?" பெரிலின் குரல் கூரையில் மோதியது. "எந்தப் பய சொன்னான் எழுபதுன்னு? அறுபத்து நாலு! உயிரில்லைன்னு வேணும்னா எழுதிக்கோ, எடையைக் கூட்டி எழுதினா நடக்கறதே வேற!"

அறுபத்து நாலு கிலோ என்று திருத்தி, நீச்சலுடையின் தோளில் 'இந்தப் பக்கம் மேலே' என்று அம்புக்குறி போட்ட ஒரு ஒட்டுத்தாளை ஒட்டினார்கள். கிளிஃப் முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்து, மனைவியை மார்போடு அணைத்துத் தண்ணீருக்குள் இறக்கினார். அவமானத்தைப் பார்த்தால் கால் கிடைக்குமா? சில வாரம் இப்படி ஓடியது. பெரில் ஒரு கையை விட்டுவிட்டு மறு கையால் மட்டும் பிடித்துக்கொண்டு நடக்கும் அளவுக்கு வந்துவிட்டாள்.

வசந்த காலத்தில் நகராட்சி மண்டபத்தில் பொதுக் கூட்டம் போட்டார்கள். கிராப்ட்ரீ அம்மையார் மேடையேறினார்.

"நண்பர்களே, நம்ம குளத்துல வர்ற எல்லா ஆபத்துக்கும் மூல காரணம் என்னன்னு குளிர்காலம் முழுக்க ஆராய்ச்சி பண்ணோம். வழுக்கறது எதனால? தண்ணியால. கண்ணெரிச்சல் எதனால? தண்ணியால. மூழ்கறது? அதுவும் தண்ணியாலதான். உலகத்துல தண்ணி இல்லாத இடத்துல ஒருத்தர்கூட மூழ்கினதா பதிவே இல்லை. இதை முதல் முதலாக் கண்டுபிடிச்சு வெளிப்படையாச் சொல்ற துணிச்சல் நம்ம ஊருக்குத்தான் வந்திருக்கு."

கைதட்டல். பெரில் தன்னால் தூக்க முடிந்த கையைத் தூக்கினாள்.

"ஏன் கண்ணு, தண்ணி இல்லாம எப்படி நீந்தறது?"

அம்மையார் கனிவாகச் சிரித்தார். "நல்ல கேள்வி. நீந்தக் கூடாதுன்னு நாங்க சொல்லவே இல்லையே? நீந்தறது உங்க உரிமை. அதுல நாங்க கைவைக்க மாட்டோம். தண்ணியை மட்டும்தான் குறைக்கிறோம்."

முழங்கால் அளவாகக் குறைத்தார்கள். கிளிஃபுக்கு மனசுக்குள் என்னவோ செய்தது. ஆனாலும் போகாமல் இருந்தால் கால் இறுகிவிடுமே என்ற பயம். பெட்டியைத் தூக்குவது போலத் தூக்கி, பெரிலை அந்த முழங்கால் தண்ணீரில் நிற்க வைத்தார். மார்பளவுத் தண்ணீர் இருந்தபோது அது அவளைச் சுற்றிலும் தாங்கிப் பிடித்தது. இப்போது பிடிக்க ஒன்றுமில்லை. ஒரு அடி எடுத்து வைத்தாள். இடது கால் மடங்கியது. கிளிஃப் பிடிப்பதற்குள் விழுந்துவிட்டாள்.

முழங்காலில் தோல் உரிந்து ரத்தம். பெரிய காயமில்லை. ஆனால் ரோத்தன்ஷா குளத்துத் தண்ணீருக்குள் ஒருவருக்கு அடிபட்டது அதுவே முதல் தடவை. கிராப்ட்ரீ அம்மையாரின் முகத்தில் தெரிந்ததைத் துக்கம் என்று சொன்னால் பொய்.

"பாத்தீங்களா?" என்றார் பில்லிங்கிடம். "இவ்வளவு கொஞ்சம் தண்ணியே இந்தப் பாடு படுத்துதுன்னா, முழுசா இருந்தப்ப என்னெல்லாம் நடந்திருக்கும்!"

"மேடம், முழுசா இருந்தப்ப இவ நடந்துக்கிட்டு இருந்தா," என்றார் கிளிஃப்.

"அதிர்ஷ்டம், மிஸ்டர் ஹாவர்த். அதிர்ஷ்டத்தை நம்பி ஒரு நகராட்சியை நடத்த முடியாது."

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான். மறுநாள் மிச்சத் தண்ணீரையும் திறந்துவிட்டார்கள். குளம் காய்ந்தது. மூடிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். மூடினால் கெட்ட பெயர். குளம் வழக்கமான நேரத்தில் திறந்தது, வழக்கமான நேரத்தில் அடைத்தது. மூழ்குபவர்களைக் காப்பாற்றும் காவலாட்கள் காலிக் குளத்தை வாயில் விசிலோடு கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் உட்காரும் உயர நாற்காலியிலிருந்து காலிக் குளத்துக்குள் விழுந்தால் எலும்பு மிஞ்சாது என்று பிறகு ஞாபகம் வந்தது. எனவே அவர்களைத் தரையில் உட்கார வைத்து இடுப்பில் கயிறு கட்டிச் சுவரோடு பிணைத்தார்கள். குளத்தின் மேல் வலை போட்டார்கள். வரவேற்பறையில் விற்ற டீயும் சூடு ஆபத்து என்பதால் ஆறின பிறகே கையில் கொடுக்கப்பட்டது. ரோத்தன்ஷாக்காரர்கள் அதுவரை எல்லாவற்றையும் பொறுத்திருந்தார்கள். ஆறின டீக்குத்தான் முதல் முறையாக முணுமுணுத்தார்கள்.

வீட்டில் பெரிலின் கால் மெல்ல மெல்ல இறுகிக்கொண்டிருந்தது. கிளிஃப் காலையும் மாலையும் எண்ணெய் தேய்த்து நீவிவிட்டார். பாதம் உள்பக்கமாகத் திரும்பத் தொடங்கியது. பழைய செருப்பு நுழையவில்லை.

"மிதிச்சுப் பாரு," என்றாள் ஒரு நாள்.

கிளிஃப் மெதுவாக மிதித்தார்.

"மிதிச்சியா?"

அவர் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவள் காலடியில் உட்கார்ந்தார்.

மறுநாள் காலையில் அவர் அரசாங்கத்துக்கே போன் போட்டார். அந்தச் சட்டத்தை அமல்படுத்தும் துறையிலிருந்து, குற்றம் நடந்தால் வழக்குப் போடும் அதிகாரம் கொண்ட ஆய்வாளர் ஒருவர் வந்தார். பெயர் குவெயில். களைத்த முகம், கக்கத்தில் சுருட்டிய துண்டு. வந்ததே வந்தோம், ஒரு நீச்சல் போட்டுவிட்டுப் போகலாம் என்று நினைத்திருந்தார் போலும்.

வாசலிலேயே அவருக்கு மஞ்சள் சட்டை மாட்டி, பாதுகாப்புப் படம் போட்டுக் காட்டி, படத்தைப் பார்த்தேன் என்று கையெழுத்து வாங்கி உள்ளே விட்டார்கள். கிளிஃபும் பெரிலும் பக்கத்தில் காத்திருக்க, அவர் வலைக்கு மேல் குனிந்து காலிக் குளத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"தண்ணி எங்கம்மா?"

"சட்டப்படி எடுத்துட்டோம்," என்றார் கிராப்ட்ரீ அம்மையார்.

"எந்தச் சட்டப்படி?"

"உங்க சட்டப்படிதான் சார்."

"அம்மா, அந்தச் சட்டத்தை வெச்சு முப்பது வருஷமா நான் வேலை பாக்கறேன். அதுல குளத்தைக் காய வைன்னு ஒரு வார்த்தை கிடையாது. உங்களால நியாயமா எவ்வளவு முடியுமோ அவ்வளவு ஜாக்கிரதையா நடத்துங்கன்னு சொல்லுது. நடத்தாதீங்கன்னு சொல்லலை. இவங்க வீட்டுக்காரர் தூக்கி இறக்கறதுல எல்லாம் சட்டம் மூக்கை நுழைக்கவே இல்லை."

கிளிஃபுக்கு உயிர் வந்தது. பெரிலின் தோளை அழுத்தினார். பில்லிங் தண்ணீர்க் குழாய் இருக்கும் பக்கம் ஆசையாகத் திரும்பிப் பார்த்தார்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! கிராப்ட்ரீ அம்மையார் அசையவில்லை. "தப்பா நினைக்காதீங்க சார். நீங்க சட்டத்தை அமல்படுத்தறவர். அவ்வளவுதான். நாங்க அதுக்குக் கட்டுப்படறவங்க. கட்டுப்படறவங்களுக்குத்தான் அதோட ஆழம் தெரியும். சட்டம் என்ன சொல்லுதுன்னு நீங்க சொல்றீங்க. சட்டம் என்ன சொல்லிடுமோன்னு பயந்து நாங்க ராத்திரி தூங்காம இருக்கோம். எது பெரிய பொறுப்பு, சொல்லுங்க?"

குவெயில் துண்டை ஒரு கக்கத்திலிருந்து மறு கக்கத்துக்கு மாற்றினார்.

"சார், நீங்க உத்தரவு போடுங்க சார்," என்றார் கிளிஃப். "தண்ணியை நிரப்புன்னு ஒரு வார்த்தை."

"எந்தப் பிரிவுல போடறது?" என்றார் குவெயில். அவர் குரலிலும் வருத்தம் இருந்தது. "ஆபத்தா வெச்சிருந்தா இன்னைக்கே கேஸ் போட்டுடுவேன். பாதுகாப்பா வெச்சிருக்காங்கன்னு கேஸ் போட என்கிட்ட பிரிவே இல்லையே. கேட்டா எங்க மேலதிகாரி என்னை ஒரு மாதிரியாப் பாப்பாரு."

"அப்ப என் கால்?" என்றாள் பெரில்.

குவெயில் அவளைப் பார்க்காமல் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினார். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

அந்தக் குளிர்காலம் நீளமாக இருந்தது. கிளிஃப் கதவைத் தட்டாத அலுவலகமில்லை. போன இடமெல்லாம் கனிவாகப் பேசினார்கள், ஆறின டீ கொடுத்தார்கள். பனி விலகியபோது பெரிலின் இடது கால் விறகுக் கட்டை போல ஆகிவிட்டிருந்தது. மருத்துவமனைப் பெண் வந்து மடக்கிப் பார்த்தாள், நீட்டிப் பார்த்தாள், பிறகு போர்வையை இழுத்து மூடிவிட்டாள். வாசல்வரை வழியனுப்பப் போன கிளிஃபிடம், "இனிமே வலி இல்லாம பாத்துக்கங்க, அது போதும்," என்றாள்.

அதற்கடுத்த மாதம் ரோத்தன்ஷா குளத்துக்கு, பாதுகாப்பான பொழுதுபோக்கு மையத்துக்கான மாவட்டத்தின் முதல் பரிசு கிடைத்தது. காலிக் குளத்தின் கரையிலேயே விழா வைத்தார்கள். மேயர் தன் பதவிக்குரிய கழுத்துச் சங்கிலியோடு வந்தார். சங்கிலி எதிலாவது மாட்டிக்கொள்ளும் என்று அதைக் கழற்றி ஒரு தட்டில் வைத்து முன்னால் கொண்டுவந்தார்கள். பெரிலை முதல் வரிசையில் உட்கார வைக்க வேண்டும், குளத்தால் பயன்பெற்றவர் ஒருவராவது புகைப்படத்தில் இருக்க வேண்டும் என்று பில்லிங் தலையைச் சொறிந்துகொண்டு வந்து கேட்டிருந்தார். கிளிஃப் அவரை வாசலோடு துரத்தப் போனார். பெரில்தான், "போவோம்யா. என்ன சொல்றாங்கன்னு என் காதால கேக்கணும்," என்றாள்.

கிராப்ட்ரீ அம்மையார் பரிசை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பேசினார்.

"இந்த வருஷம் நம்ம குளத்துல மூழ்கினவங்க இல்லை. வழுக்கினவங்க இல்லை. நனைஞ்சவங்ககூட ஒருத்தர் இல்லை! சிலர் கேக்கறாங்க, இதெல்லாம் வெறும் புள்ளிவிவரம்தானே, மனுஷங்களுக்கு என்ன நன்மைன்னு. அவங்களுக்கு ஒரு ஆளைக் காட்டறேன். இதோ, பெரில் ஹாவர்த். ஒரு காலத்துல இவங்க வாரம் ரெண்டு தடவை இங்க வந்து தண்ணியில நடப்பாங்க. ஒவ்வொரு அடியிலயும் விழற ஆபத்து! ஒரு தடவை விழுந்து அடியும் பட்டுச்சு. அன்னைக்கு நான் ஒரு சபதம் எடுத்தேன். இன்னைக்குப் பாருங்க. இவங்க விழறதுக்கான வாய்ப்பு துளிகூட இல்லை!"

கைதட்டல் எழுந்தது. அது அடங்கும்வரை பெரில் காத்திருந்தாள்.

"விழணும்னா முதல்ல நிக்கணுமே கண்ணு," என்றாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள்.

கிளிஃப் கண்ணை மூடிக்கொண்டார். பில்லிங் தரையைப் பார்த்தார்.

கிராப்ட்ரீ அம்மையாரின் முகம் மலர்ந்தது. இத்தனை காலம் தன்னை யாருமே சரியாகப் புரிந்துகொள்ளவில்லையே என்ற ஏக்கம் அந்த ஒரு வார்த்தையில் தீர்ந்துவிட்டது. மேடையிலிருந்து எச்சரிக்கையாக ஒவ்வொரு படியாக இறங்கி வந்து பெரிலின் கையைப் பற்றிக்கொண்டார்.

"அதேதான்!" என்றார் கூட்டத்தைப் பார்த்து, குரல் தழுதழுக்க. "கேட்டீங்களா? நான் ஒரு வருஷமா சொல்ல முடியாம தவிச்சதை இவங்க ஒரே வரியில சொல்லிட்டாங்க!"

மேயர் எழுந்து நின்று கைதட்டினார். அவரைப் பார்த்துக் கூட்டம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. பெரில் மட்டும் உட்கார்ந்திருந்தாள்.